புது மாப்பிள்ளையின் எடை

பிடிச்சுக்கோங்க அக்கா, அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கோங்க. டிரைவரை ஏன் ஏசுதீங்க? அவரு உங்களைத் தள்ளவே இல்ல. பஸ்ஸைத்தான் நிறுத்துனாரு, உங்களை யாரும் நிறுத்தல. நீங்க பாட்டுக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்துல போய்க்கிட்டே இருந்தீங்க, முன்சீட்டுக் கம்பி வந்து நிறுத்திருச்சு. அம்புட்டுதான். நிலைமம்னு பேரு. மன்னிச்சுக்கோங்க, என் வாய் சும்மா இருக்காது. பிளஸ் ஒன்னுக்கு பிசிக்ஸ் எடுக்கேன். கோவில்பட்டிப் பக்கம்தான் பள்ளிக்கூடம். என் பேரு செண்பகவல்லி.

திருநெல்வேலிதானே போறீங்க? நானும் அங்கதான். ஒரு கல்யாணத்துக்குக் குக்கர் எடுக்கணும். எங்க வீட்டுக்காரரோட கூட்டாளி காளிப்பாண்டிக்குக் கல்யாணம். மூணு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாத மனுசன். போன வாரம் பத்திரிகை வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் பேரை மட்டும் கொட்டை எழுத்துல எழுதி, கீழ பொடி எழுத்துல ‘குடும்பத்துடன்’னு போட்டுருக்காரு. அந்தக் குடும்பம் நான்தான்.

எனக்கு ஒரு யோசனை சொல்லுங்க அக்கா. நீங்க யாரோ, நான் யாரோ. ஜங்ஷன்ல இறங்கினா அவங்கவங்க வழி. அதனாலதான் உங்ககிட்ட கேக்கேன். மூணு வருஷமா எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு விஷயத்தை மறைச்சு வெச்சிருக்கேன். அய்யய்யோ, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. கபடி விஷயம். கல்யாண வீட்டுல காளிப்பாண்டி எப்படியும் அந்தப் பேச்சை எடுப்பாரு. அதுக்கு முன்னால நானே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிரலாமா, இல்ல முழுங்கிரலாமா? முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

எங்க பக்கம் பொங்கலுக்குக் கபடி போட்டி நடத்துவாங்க, எடை வெச்சு. அறுபது கிலோ போட்டின்னா ஆடுறவன் அறுபதுக்கு மேல ஒரு கிராம் இருக்கக் கூடாது. காலைல எடை போட்டுப் பாத்து, சரியா இருந்தாத்தான் கையில சீல் வெப்பாங்க. சீல் இல்லாதவன் வேடிக்கைதான் பாக்கணும். எங்க வீட்டுக்காரர் பத்து வருஷமா காளிப்பாண்டி டீம்ல ஆடுனவுக. கபடி கபடின்னு பாடி வர்றவன் காலைப் பிடிச்சாகன்னா விட மாட்டாக. ஊர்ல ‘உடும்பு’ன்னுதான் கூப்பிடுவாங்க. அந்த உடும்பு எப்பவும் அம்பத்தொம்பதரை கிலோ. பத்து வருஷமா அரைக்கிலோ ஏறினதும் இல்ல, இறங்கினதும் இல்ல.

ஐப்பசில எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு. அப்புறம் என்ன, விருந்துதான். உங்களுக்குத் தெரியாததா. மறுவீடு முடிஞ்சு, எங்க அம்மா வழில நாலு பெரியம்மா, அப்பா வழில அஞ்சு அத்தை, அது போக ஒண்ணுவிட்டது ரெண்டுவிட்டது. ஒரு வீட்டுல கோழி, ஒரு வீட்டுல ஆட்டுக்கறி, ஒரு வீட்டுல ரெண்டும். புது மாப்பிள்ளை போதும்னு இலையில கைய வெச்சு மறைச்சா, கை மேலயே வடையை வெச்சுட்டுப் போவாங்க. வேற மனுசன்னா எந்திரிச்சு ஓடிருப்பான். எங்க வீட்டுக்காரருக்கு வேண்டாம்னு சொல்ல வாயே கிடையாது. பாவம், சாப்பிடத்தான் வாய் இருந்துச்சு.

எங்கிட்டயும் அப்படித்தான். நான் எம்.எஸ்சி., பி.எட். அவுக பத்தாவது. என்னைய ‘டீச்சர்’னுதான் கூப்பிடுவாக. இப்பவும் அப்படித்தான். கல்யாணமாகி ரெண்டு மாசம் வரைக்கும் எங்கிட்ட பேசினதை எண்ணிச் சொல்லிருவேன். ‘காபி ஆறுது டீச்சர்.’ ‘பஸ் வந்துருச்சு டீச்சர்.’ ‘லைட்டை அமத்தட்டுமா டீச்சர்.’ நான் ஏதாச்சும் கேட்டா, வாய்மொழித் தேர்வுக்கு வந்தவுக மாதிரி முழிப்பாக. எனக்கும் ஆசையா பேசணும்னுதான் இருக்கும். ஆனா வாயைத் தொறந்தா நியூட்டன் விதிதான் வருது, என்ன செய்ய.

மார்கழி பாதில காளிப்பாண்டி அவுகளை மிளகா வத்தல் மண்டித் தராசுல ஏத்தி நிறுத்துருக்காரு. அறுபத்து நாலு. நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டாரு. உக்காரக்கூட இல்ல.

“மதினி, ஐப்பசில அம்பத்தொம்பதரை கிலோவா உங்க கையில ஒப்படைச்சோம். இப்ப அறுபத்து நாலு. மிச்ச நாலரை கிலோவுக்கு யாரு பொறுப்பு?”

நான் ஒரு பதட்டத்துல, அது எடை இல்லண்ணே, நிறை, எடைன்னா நியூட்டன்லதான் சொல்லணும்னுட்டேன். அவரு காபியைத் தொடாமப் போயிட்டாரு. மறுநாள் ஊரே பேசுது, டீச்சரைக் கட்டி உடும்பு பூசணிக்காயா போச்சுன்னு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ரோசம். பொங்கலுக்கு இவுகளை அறுபதுக்குள்ள கொண்டு வந்து களத்துல இறக்கலைன்னா நான் செண்பகவல்லி இல்லன்னு எங்க அம்மாகிட்டயே சபதம் போட்டேன்.

அன்னைல இருந்து பட்டினிதான். காலைல ஸ்வெட்டர் போட்டு, அதுக்கு மேல மழைக்கோட்டைப் போட்டு அஞ்சு மைல் ஓடுவாக. மதியம் கொள்ளு ரசம். ராத்திரி ஒரு சப்பாத்தி. நான் ரொம்பக் கண்டிப்பா இருந்தேன் அக்கா. எதுவும் குடுக்கல. ஒரு டம்ளர் பால் மட்டும் குடுப்பேன். வெறும் பாலை எப்படிக் குடிக்கிறது, அதுல ரெண்டு பேரீச்சம்பழம். ஒருநா அதிரசம் சுட்டேன், வீட்டுக்காரர் அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு மணத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு இருந்தாக. பாக்கப் பாவமா இருந்துச்சு. அரை அதிரசம் குடுத்தேன். மத்த அரையை வெச்சு நான் என்ன செய்ய? அதையும் குடுத்தேன். மத்தபடி எதுவுமே குடுக்கல. அப்படியும் அறுபத்து நாலு, அறுபத்து மூணு, அறுபத்தொண்ணுன்னு இறங்கி, அறுபத்தொண்ணுல நின்னுக்கிச்சு. போட்டிக்கு நாலு நாள்தான். முள்ளு அசைய மாட்டேங்குது. எனக்கே விளங்கல, உடம்பு வாகு அப்படின்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் கிளாஸ்ல லிஃப்ட் கணக்கு நடத்துனேன். நீங்க லிஃப்ட்ல போயிருக்கீங்களா? கீழ இறங்க ஆரம்பிக்கும்போது வயிறு ஜிவ்வுனு தூக்கும்லா, அந்த நேரத்துல நீங்க நிஜமாவே லேசா இருப்பீங்க. காலடில வெயிட் மிஷின் இருந்தா குறைச்சுத்தான் காட்டும். தோற்ற எடைன்னு சொல்லுவோம். ‘அறுபது கிலோ நிறையுள்ள ஒருவர் லிஃப்டில் கீழ்நோக்கி’ன்னு போர்டுல எழுதிட்டு, அப்படியே நின்னுட்டேன். சிரிப்பு வந்துருச்சு. முப்பத்தெட்டு பிள்ளைகளும் என்னையவே பாக்குது. நானும் போர்டைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே நிக்கேன்.

ஏன்னா போட்டித் தலைவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. வத்தல் மண்டி வெச்சிருக்காக. ஆவணில ஒரு கல்யாண மண்டபம் தொறந்தாக, மூணு மாடி, லிஃப்ட்டோட. எங்க பக்கத்துலயே மண்டபத்துல லிஃப்ட் வெச்ச முத ஆள் அண்ணாச்சிதான். பத்திரிகை குடுக்கப் போனவங்களைக்கூட ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போய் இறக்கி விட்டுத்தான் அனுப்புவாக. முந்துன வருஷம் எடை போடுற இடத்துல தரை சாய்வா இருக்குன்னு பெரிய சண்டை. அதனால அந்த வருஷம் எடை பாக்கிறது மண்டபத்துல, கூடவே பிசிக்ஸ் டீச்சர் நின்னு மேற்பார்வை பாக்கணும்னு ஏற்பாடு. ஆடுறவரோட பொண்டாட்டியாச்சேன்னு யாரோ கேட்டதுக்கு, எடையைப் படிக்கிறது நானு, டீச்சர் மிஷினை வெச்சாப் போதும், அந்தப் பிள்ளை பொய் சொல்லாதுன்னு அண்ணாச்சி சொன்னாகளாம். கேட்டதும் எனக்குப் பெருமையா இருந்துச்சு.

ரசமட்டம் எடுத்துட்டுப் போனேன். கொத்தனார் வெச்சிருப்பாருல்லா, உள்ள குமிழி ஓடும். மண்டபத்துத் தரையில வெச்சேன், குமிழி ஒரு ஓரத்துக்குப் போயிருச்சு. லிஃப்ட்டுக்குள்ள வெச்சேன், அசையாம நடுவுல நின்னுச்சு. அண்ணாச்சி, இந்த மண்டபத்துலயே சுத்தமான மட்டம் உங்க லிஃப்ட்தான், இங்கயே எடை போடலாம், மூணாவது மாடில ஏறி எடை போட்டுட்டு அப்படியே கீழ இறங்கி வெளிய போயிட்டா நெரிசலும் இருக்காதுன்னேன். அண்ணாச்சிக்குக் கண்ணு கலங்கிருச்சு அக்கா. லிஃப்ட்டோட அருமை தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான் டீச்சர்னாக.

போட்டி அன்னைக்குக் காலைல வீட்டுக்காரர்கிட்ட மட்டும் விஷயத்தைச் சொன்னேன். மத்தவங்களுக்கெல்லாம் லிஃப்ட் நிக்கும்போது எடை. உங்களுக்கு மட்டும் நான் பொத்தானை முன்னாடியே அமுக்கிருவேன், இறங்க ஆரம்பிக்கும், அந்த நேரம் அண்ணாச்சி படிப்பாக, மூணு கிலோ குறையும். தப்பில்லையா டீச்சர்னாக. தராசு காட்டுறதுதானேங்க எடை, பாடப் புத்தகத்துலயே இருக்குன்னேன். பெறவு மெதுவா ஒண்ணு கேட்டாக. கிளம்பும்போது குறையும்னா, கீழ போய் நிக்கும்போது என்ன ஆகும்னு. அப்போ கூடும், ஆனா அதுக்குள்ள அண்ணாச்சி படிச்சு முடிச்சிருப்பாகன்னேன். சரின்னுட்டாக. நான் என்ன சொன்னாலும் சரிதான்.

எட்டு மணிக்கு ஆரம்பிச்சோம். எட்டு டீம். மூணாவது மாடி பூரா டவுசர் போட்ட ஆம்பளைங்க. குறைய வேண்டியவன் ஜன்னலோரம் நின்னு எச்சித் துப்பிக்கிட்டே இருக்கான். ஒவ்வொருத்தனா லிஃப்ட்டுக்குள்ள வாறான், மிஷின்ல ஏறுறான், அண்ணாச்சி குனிஞ்சு படிக்காக, சீல் வெக்காக, நான் பொத்தானை அமுக்குறேன், கீழ போறான். எங்க வீட்டுக்காரர் முறை வந்துச்சு. கூட காளிப்பாண்டியும் ஏறிட்டாரு. அவுக மிஷின்ல கால் வெச்சாக. நான் அமுக்கிட்டேன்.

கதவு சாத்துச்சு. லிஃப்ட் இறங்குச்சு. முள்ளு அக்கா, முள்ளு அப்படியே சரியுது. அறுபது, அம்பத்தொம்பது, அம்பத்தெட்டு. முப்பத்தெட்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தது என் கண்ணு முன்னால நடக்குது. படிங்க அண்ணாச்சி, படிங்கன்னேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழட்டி வேட்டித் தலைப்பால துடைச்சுக்கிட்டு இருக்காக. அவசரப்படாதீக டீச்சர், லிஃப்ட் எங்க ஓடிரப் போவுதுங்காக. முள்ளு மறுபடி அறுபத்தொண்ணுக்கு வந்துருச்சு. கீழ்த் தளம் வருது. அண்ணாச்சி கண்ணாடியை மாட்டுறாக. லிஃப்ட் நிக்கப் போவுது. அண்ணாச்சி குனியுறாக.

அறுபத்தஞ்சுன்னாக.

கதவு தொறந்துச்சு. காளிப்பாண்டி முகத்துல ரத்தமே இல்ல. நேத்து நான் நிறுக்கும்போது அறுபத்தொண்ணு, ஒரே ராத்திரில நாலு கிலோ ஏத்திட்டீகளே மதினி, அப்படி என்னத்தைக் குடுத்தீகன்னு கத்துறாரு. எங்க வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்காக. நான் பேசாம இருந்திருக்கணும். இருந்தா மானமாச்சும் மிஞ்சிருக்கும். ஆனா அக்கா, ராத்திரில நாலு கிலோ ஏறும்னு ஒருத்தர் பிசிக்ஸைப் பத்தித் தப்பாப் பேசுனா என்னால பொறுக்க முடியல.

அது நிஜ எடையே இல்லண்ணே, லிஃப்ட் நிக்கும்போது தரை உங்களை அதிகமா மேல தள்ளும், அதனால கூடக் காட்டும், கிளம்பும்போது அம்பத்தெட்டுதான் காட்டுச்சு, நான் பாத்தேன், அண்ணாச்சி அப்பப் படிச்சிருந்தா சீல் வெச்சிருப்பாக, அதுக்குத்தானே லிஃப்ட்லயே வைக்கச் சொன்னேன்னு, ஒரே மூச்சுல எல்லாத்தையும் கொட்டிட்டேன். சொல்லி முடிச்ச பெறவுதான் உறைக்குது. கீழ இருவது பேர் நிக்கான், மாடிப்படி பூரா மத்தவன் நிக்கான். ஒருத்தன்கூட எச்சித் துப்பலை.

அண்ணாச்சிக்கு என்ன வருத்தம்ங்கிறீங்க? நான் ஏமாத்தப் பாத்தது வருத்தம் இல்ல. “என் லிஃப்ட் பொய் சொல்லுதா டீச்சர்?”

பொய் சொல்லல அண்ணாச்சி, நீங்களே ஏறிப் பாருங்கன்னேன். ஏறினாக. எண்பத்து நாலு கிலோ. மேல போய் இறங்கினாக. முள்ளு எண்பதுக்கு வந்துச்சு. அண்ணாச்சி முகத்தைப் பாக்கணுமே, பல்லெல்லாம் தெரியுது. பத்து வருஷமா டாக்டர் சொல்லுதாரு நாலு கிலோ குறைங்கன்னு, இப்பக் குறைச்சுட்டேன் பாருங்கன்னு கதவு தொறக்கிறதுக்குள்ள கத்துறாக. அம்புட்டுதான். ஒருத்தன் ஏறினான், ரெண்டு பேர் ஏறினாங்க, எட்டு டீமும் வரிசையில நிக்குது. கயத்தாறு டீம் கேப்டன் ஆறு தடவை போயிட்டு வந்தாரு. எனக்கு அறுபத்து மூணு, உனக்கு எவ்வளவுங்கான் ஒருத்தன். இன்னொருத்தன் குதிச்சுப் பாக்கான். ஃபார்முலா கேக்கான் வேற ஒருத்தன், உள்ளங்கையில எழுதிக் குடுத்தேன். பதினொண்ணாம் வகுப்புல இம்புட்டு ஆசையா ஒருத்தரும் பாடம் கேட்டதில்ல அக்கா. நானும் அவுகளும் ஓரமா நிக்கோம். எங்களைக் கேக்க ஆளில்ல.

அரைமணி நேரம் கழிச்சு அண்ணாச்சிக்குப் போட்டி ஞாபகம் வந்துச்சு. படிச்சது நானு, குறைச்சுப் படிக்கல, கூடத்தான் படிச்சேன், அதனால குத்தம் ஒண்ணும் இல்ல, எல்லாரையும் கீழ தரையில மறுபடி நிறுப்போம்னு தீர்ப்பு சொன்னாக. மண்டில இருந்து எலக்ட்ரானிக் தராசு வந்துச்சு. அதுல வத்தல் தூசி. ஏறுறவனெல்லாம் தும்முறான், தும்மும்போது நம்பர் ஓடுது. எங்க வீட்டுக்காரருக்கு அறுபது கிலோ அறுநூறு கிராம்.

மணி ஒம்போது. பத்து மணிக்கு எடை எழுதுற புத்தகத்தை மூடிருவாக. அறுநூறு கிராமை ஒரு மணி நேரத்துல குறைக்கணும்.

காளிப்பாண்டி மழைக்கோட்டைக் கொண்டு வந்து மாட்டி விட்டுட்டு, மாடிப்படியைக் காட்டுனாரு. மூணு மாடிக்கு அறுபத்தாறு படி. அவுக ஓட ஆரம்பிச்சாக. ரெண்டு தடவை ஏறி இறங்கினாக, நான் கீழ நின்னு பாத்தேன். எனக்குத்தான் நிக்க முடியல. என் தப்புல அவுக ஓடுறாக. பட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகிட்டு நானும் ஓடுனேன். மத்த டீம்காரங்கெல்லாம் படியோரமா நின்னு கைதட்டுறாங்க. போட்டிக்காரன் எடை குறையணும்னு போட்டிக்காரனே கைதட்டினதை அன்னைக்குத்தான் பாத்தேன்.

அந்தப் படியிலதான் அக்கா, எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு. நிஜமாத்தான் சொல்லுதேன். அதுவரைக்கும் ஒரு கேள்வி கேக்காத மனுசன், மூச்சு வாங்க வாங்கக் கேக்காக. நிலாவுல எனக்கு எத்தனை கிலோ காட்டும் டீச்சர்? பத்துன்னேன். அப்ப அங்க என்னை எந்தப் போட்டில சேப்பாகன்னாக. எனக்குச் சிரிப்புல படி தவறிருச்சு, கையைப் பிடிச்சுக்கிட்டாக. உடும்புப் பிடி, விடவே இல்ல. பூமி என்னைய இழுக்குதே, நான் பூமியை இழுக்கேனான்னாக. ஆமா, அதே அளவு இழுக்கீங்கன்னேன். நீங்க என்னைய? நானுந்தான் இழுக்கேன், ரெண்டு பொருள் இருந்தாப் போதும், இழுக்கும், ஆனா ரொம்பக் கம்மின்னேன். கூடணும்னா என்ன செய்யணும்னு கேட்டாக. தூரம் குறையணும், தூரம் பாதியானா விசை நாலு மடங்குன்னேன். ரெண்டு படி மேல நின்னவுக ஒரு படி இறங்கி வந்தாக. எனக்குத் தலை சுத்திருச்சு. அறுபத்தாறு படி ஏறினதுனாலன்னு நினைச்சேன்.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது காளிப்பாண்டி கூப்பிட்டு ஒரு தடவை நிறுத்துப் பாத்தாரு. அம்பத்தொம்பது கிலோ தொள்ளாயிரத்து நாப்பது கிராம். அம்புட்டுப் பேரும் விசிலடிச்சாங்க. காளிப்பாண்டி என்னையப் பாத்து மதினின்னு சிரிச்சாரு. கடைசியா அன்னைக்குத்தான் சிரிச்சது. அண்ணாச்சி சரியாப் பத்து மணிக்கு நிறுத்துத்தான் சீல் வைப்பேன், அதுவரைக்கும் ஓரமா உக்காருப்பான்னுட்டாக.

அவுக போய் மாடிப்படி முதத் திருப்பத்துல உக்காந்தாக. உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. கண்ணு உள்ள போயிருக்கு. அண்ணாச்சி கமிட்டிக்காரங்களுக்கு இளநீர் சீவி வெச்சிருந்தாக. எனக்கு ஒண்ணு குடுத்தாக. நான் அதை எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தி எடுத்துட்டுப் போயிட்டேன். எதுக்குப் போனேன், ஏன் போனேன், எனக்குத் தெரியாது. பத்து நிமிஷம் பொறுத்திருக்கலாம். என்னால அந்த உதட்டைப் பாக்க முடியல, அம்புட்டுதான்.

அவுக டம்ளரைப் பாத்தாக. என்னையப் பாத்தாக. மறுபடி டம்ளரைப் பாத்தாக.

“குடிக்கட்டுமா டீச்சர்?”

“ஒரு வாய் இளநீர்ல என்ன ஆகிரப் போவுது, குடிங்க.”

ஒரு சொட்டு விடாமக் குடிச்சாக. டம்ளரை மெதுவாப் படியில வெச்சுட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டு, வாங்க டீச்சர்னு எந்திரிச்சாக. பத்து மணிக்குத் தராசுல ஏறினாக. அறுபது கிலோ இருநூறு கிராம்.

சிரிக்காதீங்க அக்கா. எனக்குத் தெரியாதா? ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, எட்டாவது பிள்ளைகூடச் சொல்லும். அந்த நேரத்துல அது எனக்குத் தண்ணியாவே தெரியல. நம்பரைப் பாத்ததும்தான் தண்ணின்னு விளங்குச்சு. காளிப்பாண்டி பைத்தியம் பிடிச்சவர் மாதிரி கேக்காரு, பத்து நிமிஷத்துல எப்படி ஏறும், எப்படி ஏறும்னு. எங்கிட்டயே கேக்காரு, நீங்க சொல்லுங்க மதினி, நீங்கதானே பிசிக்ஸ் படிச்சவகன்னு. நான் சொன்னேன், எலக்ட்ரானிக் தராசு வெயில் ஏறினா கொஞ்சம் முன்னப்பின்னக் காட்டும்ணேன்னு. பிசிக்ஸ்ல நான் சொன்ன ஒரே பொய் அதுதான் அக்கா. லிஃப்ட்ல செஞ்சது பொய் இல்ல, அது பாடத்துல இருக்கு.

அவரு நம்பல. அரையிறுதில ஒரே ஒரு பாயின்ட்ல தோத்தாங்க. உடும்பு இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்னு இன்னைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு எங்கூடத்தான் பந்தல்ல உக்காந்து ஆட்டம் பாத்தாக. வருத்தமே காட்டல. பாடி போறவன் எந்தக் காலை முதல்ல வைப்பான், யாரு ஏமாத்துக்குக் குனியுறான், எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக் குடுத்தாக. பத்து வருஷமா ஆடிருக்கேன், ஒருநாளும் உக்காந்து பாத்தது இல்ல டீச்சர், நல்லாத்தான் இருக்குன்னாக. அதுக்குப் பெறவு அவுக போட்டிக்கே போகல. இப்ப எழுபத்து மூணு கிலோ. நான் எதுவும் குடுக்கிறது இல்ல, உடம்பு வாகுதான்.

ஆனா எனக்கு உறுத்துது அக்கா. அவுக மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் காளிப்பாண்டி பேரைச் சொல்லாம இருக்க மாட்டாக. பத்து வருஷக் கூட்டு. அது முறிஞ்சது என் ஒரு டம்ளர் இளநீரால. தராசு கோளாறுன்னு நான் சொன்னதை நம்பிக்கிட்டு, மூணு வருஷமா ஒரு வார்த்தை கேக்காம எங்கூடக் குடும்பம் நடத்துதாக. அப்பாவி மனுசன்கிட்ட எந்த வாயால போய்ச் சொல்ல? சொன்னா, தெரியாம இவ கையாலயே கெட்டேனேன்னு நினைக்க மாட்டாகளா? அதான் உங்ககிட்ட கேக்கேன்.

என்ன கேட்டீங்க? அவுக என்ன வேலையா? தீப்பெட்டி ஆபீஸ்ல. பெரிய வேலையெல்லாம் இல்ல அக்கா. குச்சி முனையில வைப்பாங்கல்லா மருந்து, அந்த மருந்து கலக்குறாக. பதினாலு வருஷமா அதே வேலைதான். அதுல ரொம்பக் கவனமா இருக்கணும். பொடி இத்தனை, பசை இத்தனை, தண்ணி இத்தனைன்னு எல்லாத்தையும் நிறுத்துத்தான் ஊத்தணும். தண்ணி ஒரு பத்து கிராம் கூடினாக்கூட மருந்து வழிஞ்சிரும், ஓனர் சத்தம் போடுவாரு. இவுக தராசே வைக்கிறது இல்லையாம். டம்ளரைக் கண்ணால பாத்தே கிராம் சொல்லிருவாகளாம், ஓனரே ரெண்டு தடவை நிறுத்துப் பாத்து...

அக்கா.

ஒரு நிமிஷம் இருங்க அக்கா. போனை எங்க வெச்சேன்.

ஹலோ. ஏங்க, நான்தான். இல்ல, ஒண்ணும் ஆகல, பஸ்லதான் இருக்கேன். கங்கைகொண்டான் தாண்டலை. ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். அன்னைக்கு மண்டபத்துப் படியில நான் ஒரு டம்ளர் இளநீர் குடுத்தேன்லா. ஆமா, எவர்சில்வர் டம்ளர். அது... என்னது? சத்தமாச் சொல்லுங்க, பஸ் இரையுது.

இருநூத்தி அறுபது கிராமாம் அக்கா.

ஏங்க, தெரியும்லா? அப்பவே தெரியும்லா? பெறவு எதுக்குங்க குடிச்சீங்க?

சிரிக்காக அக்கா. சிரிச்சுட்டுச் சொல்லுதாக, “நீங்க கொண்டு வந்தீங்கள்ல டீச்சர்.”